பிஷப்புக்குக் காட்டிய கதகதப்பு

அறுவைக்குப் பிறகு வயிற்றுத் தையல் பிரிந்து புண்ணாகி, இலையுதிர் காலம் முழுவதும் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள் நெஸ்டா. டிசம்பர் தொடக்கத்தில் ஒரு காலை, தடியை ஊன்றிக்கொண்டு மேல் வயலுக்கு ஏறினாள். படலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது சிவப்பு. எழுபது பெட்டை ஆடுகளும் பின்புறம் சிவந்து, மழையில் தலை குனிந்து மேய்ந்துகொண்டிருந்தன.

வேல்ஸ் மலைக்காரர்களுக்கு அதைவிட மனம் குளிரும் காட்சி வேறில்லை. நவம்பரில் கிடாவை மந்தைக்குள் விடும்போது அதன் நெஞ்சில் வார் பூட்டி, வாரில் ஒரு சாயக்கட்டியைப் பொருத்திவிடுவார்கள். கிடா எந்த ஆட்டின் மேல் ஏறியதோ அந்த ஆட்டின் முதுகில் சாயம் ஒட்டிக்கொள்ளும். எல்லா முதுகும் நிறம் கண்டுவிட்டால் வசந்தத்தில் எல்லா மடியிலும் பால் இருக்கும்.

நெஸ்டா ஆடுகளுக்கு நடுவே நடந்தாள். அவளை வெகுநாள் காணாத ஆடுகள் முதலில் விலகின, பிறகு ஒன்றிரண்டு அருகில் வந்தன. வந்தவற்றில் ஒன்றின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். கையை எடுத்துப் பார்த்தபோது உள்ளங்கை முழுக்கச் சிவப்பு.

விரல்களைத் தேய்த்துப் பார்த்தாள். நவம்பர் முதல் வாரம் பட்ட சாயம் இத்தனை மழையில் வெளுத்துக் காய்ந்து கம்பளிக்குள் போயிருக்க வேண்டும். கையில் ஒட்டக் கூடாது. அடுத்த ஆட்டைத் தொட்டாள், அதற்கடுத்ததை. எல்லாமே ஈரச் சாயம், அடுக்கடுக்காக, தடிமனாக.

சினை பிடிக்காத ஆடு பதினேழு நாளில் மறுபடி பருவத்துக்கு வரும். கிடா மறுபடி ஏறும். அதைக் கண்டுபிடிக்கத்தான் பதினேழு நாளுக்கு ஒருமுறை சாயக்கட்டியின் நிறத்தை மாற்றுவது. பழைய நிறத்தின் மேல் புது நிறம் விழுந்தால், முதலில் நடந்தது வீண் என்று அர்த்தம். இங்கே நிறமே மாறியிருக்கவில்லை.

அன்று மாலை கணவனின் தம்பி கெதினிடம் தொலைபேசியில் காரணம் கேட்டாள். நவம்பரிலிருந்து கிடாவையும் மந்தையையும் பார்த்துக்கொண்டது அவன்தான். கட்டி தேய்ந்து போனதும் கடைக்குப் போனானாம், கடையில் சிவப்புதான் இருந்ததாம், அதையே வாங்கிப் பொருத்திவிட்டானாம். ஒன்றுகூட விடாமல் எல்லாம் சிவந்துவிட்டதே, இனி நிறம் எதற்கு என்று நினைத்தானாம். குரலில் எரிச்சலும் இருந்தது, கொஞ்சம் பயமும் இருந்தது. நெஸ்டா மேலே எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் பழைய பெட்டியில் கிடந்த ஒரு நீலக் கட்டியைத் தேடியெடுத்துப் பொருத்தினாள். பத்து நாள் போவதற்குள் மந்தையில் பாதிக்கு மேல் சிவப்பின் மேல் நீலம் ஏறியிருந்தது.

இந்த மந்தையில் அவளுக்கு என்ன இருந்தது என்று சொல்லிவிட வேண்டும். இரண்டு வருடம் முன்பு அவள் கணவன் மெய்ரிக் மலைச்சரிவில் வண்டி புரண்டு இறந்தான். நிலத்தில் பாதி கெதினுடையது. மரம் நட்டுக் காடாக்கும் கம்பெனி ஒன்று அந்தப் பள்ளத்தாக்கில் பண்ணை பண்ணையாக வாங்கிக்கொண்டிருந்தது. கெதினுக்கு விற்றுவிட ஆசை. கீழே நகரத்தில் அவனுக்கு வேறு பிழைப்பு இருந்தது, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய மந்தையை விற்றார்கள். மிச்சம் வைத்த எழுபதும் மெய்ரிக்கின் தாத்தா காலத்து வழி. அந்த மலையில் வேலி கிடையாது. எது நம் மேய்ச்சல், எங்கே திரும்ப வேண்டும் என்பதைத் தாய் ஆடு போய்க் காட்டும், குட்டி கூடப் போய்க் கற்றுக்கொள்ளும். அந்த வழி ஒருமுறை அறுந்தால் விலை கொடுத்து வாங்கிச் சேர்க்க முடியாது.

நெஸ்டா கெதினிடம் ஒரே ஒரு ஈத்து கேட்டிருந்தாள். ஒரு வசந்தம் குட்டிகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றாள். அவனும் ஜெபக்கூடத்துச் சபையார் முன்னிலையில் ஒத்துக்கொண்டான். அதற்காகத்தான் புதுக் கிடா வாங்கினாள். கழுத்தும் வயிறும் பெருத்து, யாரைப் பார்த்தாலும் மெதுவாகத் தலையைத் திருப்பும் கிடா. பக்கத்துப் பண்ணை எம்லின் அதைப் பார்த்த உடனே பெயர் வைத்துவிட்டார்.

"நம்ம சபையில பிஷப்பே கிடையாதுன்னு ஊரெல்லாம் பேச்சு. இப்ப ஒருத்தர் வந்துட்டார், கொட்டில்ல தங்கியிருக்கார்னு சொல்லிடலாம்" என்றார்.

எம்லினுக்கு அறுபத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஜெபக்கூடத்தின் மூப்பர். பாட்டு எடுத்துக் கொடுப்பதும் குளிர்காலத்தில் ஆராதனைக்கு முன்பே போய் அடுப்பு மூட்டிவைப்பதும் அவர் வேலை. மெய்ரிக் இறந்த நாளிலிருந்து நெஸ்டா வீட்டு விறகை அவர்தான் பிளந்து அடுக்கினார். நன்றி சொன்னால் காது கேளாதவர்போல நடந்துவிடுவார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கால்நடை மருத்துவர் லோவ்ரி வந்தாள். முப்பது வயதுப் பெண், அதே பள்ளத்தாக்கில் பிறந்தவள். கிடாவைக் கட்டி நிறுத்தி விந்து எடுத்து, பால் அறை மேசையில் நுண்ணோக்கியை வைத்துக் கண்ணாடித் துண்டைச் செருகிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு நகர்ந்து நெஸ்டாவுக்கு இடம் விட்டாள்.

மெய்ரிக் இருந்த காலத்தில் ஒருமுறை வேறொரு கிடாவுடையதை நெஸ்டா இப்படிப் பார்த்திருக்கிறாள். திருவிழாக் கூட்டம் போல அலை அலையாக முட்டிமோதிக்கொண்டிருந்தது அது. இப்போது வெளிச்ச வட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில. வால் சுருண்டவை, வாலே இல்லாத தலைகள். ஒன்று மட்டும் உயிரோடு ஒரே இடத்தில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது, எங்கேயும் போகவில்லை.

"இது இன்னிக்குக் கெட்டதில்லை" என்றாள் லோவ்ரி. "ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிய வர ரெண்டு மாசம் ஆகும். இப்ப நீங்க பாக்கிறது அக்டோபர்ல பிஞ்சா இருந்தது. அப்ப இவனுக்கு என்ன ஆச்சு?"

நெஸ்டா சொன்னாள். செப்டம்பர் கடைசியில் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அந்தப் பெருமழை வாரத்தில், கிடாவுக்கு இருமலும் காய்ச்சலும் வந்தது. எம்லின்தான் பார்த்துக்கொண்டார். தன் வீட்டுக்குக் கூட்டிப் போய், சமையலறை பாய்லர் இருக்கும் சுவரோரம் வைக்கோலைக் கணுக்கால் முழுக உயர்த்திப் போட்டு, அதில் கட்டினார். அம்மா இல்லாத குட்டிகளுக்கு ஏற்றும் சிவப்பு விளக்கை மேலே தொங்கவிட்டார். தன் கட்டிலில் கிடந்த தடித்த கம்பளியை அடிவயிற்றைச் சுற்றி இழுத்து, முதுகில் முடிச்சுப் போட்டுக் கட்டினார். காய்ச்சல் இரண்டு நாளில் விட்டது. ஆனால் மழை விடவில்லை. மறுபடி நனைந்தால் திரும்ப வந்துவிடுமோ என்று மூன்று வாரம், அக்டோபர் நடுவரைக்கும், அப்படியே வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் பேசும்போதெல்லாம் சொல்வார், உன் பிஷப் என்னைவிடச் சொகுசா இருக்கான் கண்ணு, நீ கவலைப்படாம குணமாகி வா என்று. நெஸ்டா படுக்கையில் கிடந்தபடி அதைக் கேட்டுக் கண் கலங்கியிருக்கிறாள்.

லோவ்ரி கையுறையைக் கழற்றினாள். பிறகு, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைப்பவள்போல விளக்கினாள். விதைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதே குளிர்ச்சிக்காகத்தான். உடம்பைவிட நாலைந்து டிகிரி குறைவாக இருந்தால்தான் அங்கே வேலை நடக்கும். வளர்ந்துகொண்டிருக்கும் அணுக்களுக்குப் பக்கத்துச் செல்கள் உணவு ஊட்டிவிடும். அவை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துச் சக்தியாக்கிக்கொள்ளும். குளிரில் அது நிதானமாக நடக்கும்.

"சூடு ஏறிட்டா அதுங்க வேகமா எரிக்க ஆரம்பிச்சிடும். வேகமா எரிச்சா மூச்சுக் காத்து அதிகம் வேணும். ஆனா அந்த எடத்துக்கு ரத்தம் அதுக்கேத்த மாதிரி கூடி வராது. அடுப்பை ஏத்தி விட்டாச்சு, ஜன்னலைத் திறக்கலை. அவ்வளவுதான். மூச்சு முட்டிச் சாகும். சாகாததும் அந்தப் புகையிலயே கெட்டுப் போகும்."

"காய்ச்சல்னால இருக்காதா?"

"ரெண்டு நாள் காய்ச்சல் கொஞ்சம் கெடுத்திருக்கும். இவ்வளவு கெடுக்காது." லோவ்ரி கிடாவைப் பார்த்தாள். "இவனுக்கு ஆசைக்கும் தெம்புக்கும் ஒரு கொறையும் இல்லை பாருங்க. அதான் வெளிய யாருக்கும் தெரியலை. வசந்தத்துல சரியாயிடுவான்."

வசந்தத்தில் சரியாகிவிடுவான். வசந்தத்தில் யாருக்கு வேண்டும் அவன்?

லோவ்ரி நுண்ணோக்கியைப் பெட்டியில் வைத்தாள். போகிற வழியில் எம்லினிடம் நிறுத்திச் சொல்லிவிட்டுப் போவதாகச் சொன்னாள். குறை சொல்வதற்காக இல்லை, தெரிந்துகொள்ளட்டும் என்று. நெஸ்டா கதவுப் பக்கம் போய் நின்றாள். வழியை மறிக்கிறோம் என்பது நின்ற பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"சொல்லாதேம்மா."

"சொல்லலைன்னா அடுத்த வருஷமும் இதையே செய்வாரு."

"அடுத்த வருஷம்னு ஒண்ணு இருந்தா நானே சொல்லிக்கறேன்."

லோவ்ரி அவள் முகத்தைப் பார்த்தாள். சரி என்று தலையசைத்துவிட்டுப் போனாள்.

அன்று நெஸ்டா பால் அறையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். யார் மேலாவது கோபப்பட முடிந்தால் மனம் கொஞ்சம் ஆறும். ஒரு திருடனோ, ஒரு குடிகாரனோ, கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுகிற ஒருவனோ செய்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். தன் கட்டில் கம்பளியை எடுத்துப் போர்த்திவிட்டு, அந்த மூன்று வாரம் மேல்கோட்டைப் போர்த்திக்கொண்டு படுத்த மனிதரை என்ன சொல்லித் திட்டுவது? அவரிடம் சொல்லாமல் இருப்பது ஒன்றுதான் அவளால் செய்ய முடிந்தது. அது எவ்வளவு சின்னது என்று அவளுக்குத் தெரியும். கையில் இருந்தது அவ்வளவுதான்.

கிடாவின் காய்ச்சல்தான் காரணமாம் என்று எம்லினிடம் சொன்னாள். அவர் அன்றே தன் கிழக் கிடாவை ஓட்டிக்கொண்டு வந்தார். பல் போன கிடா, பின்னங்கால் விறைப்பு. "இவனும் என்னை மாதிரிதான். ஆனா இவனுக்காவது ஒரு காலத்துல கல்யாணம் ஆச்சு" என்று சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தார். நெஸ்டாவும் சிரித்தாள். அது கிறிஸ்துமஸ் கழிந்து மந்தையோடு திரிந்தது. மலைக்காற்றில் பாதி நாள் சுவரோரம் படுத்தே கிடந்தது. ஜனவரி முழுக்க எம்லின் காலையும் மாலையும் வந்து வைக்கோல் போட்டுவிட்டு, படலோரம் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஆடுகளைப் பார்த்தபடி சிறிதுநேரம் நிற்பார். ஜெபிக்கிறார் என்று நெஸ்டாவுக்குத் தெரியும். ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிடுவாள்.

பிப்ரவரி கடைசியில் ஸ்கேன் பார்க்கும் பெரிஸ் வந்தான். பண்ணை பண்ணையாகப் போய் ஆட்டின் வயிற்றுக்குள் பார்த்துச் சொல்வது அவன் தொழில். அவன் வரும் நாளில் அக்கம்பக்கத்தார் வந்து ஆடுகளை ஓட்டிக் கொடுப்பார்கள், வந்தவர்களுக்கு அந்த வீட்டில் சாப்பாடு. கெதின் நகரத்திலிருந்து வந்திருந்தான். எம்லின் விடியும்போதே வந்துவிட்டார். நெஸ்டா அடுப்பில் ஆட்டுக்கறியும் வெங்காயத்தாள் போன்ற லீக் தண்டும் உருளைக்கிழங்கும் போட்டுப் பெரிய பானையில் சூப்பு ஏற்றிவிட்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

பெரிஸ் இழுவண்டிக்குள் சின்னத் திரை முன்னால் தாழ்வான இருக்கையில் உட்கார்ந்தான். கெதின் பின்னாலிருந்து ஆடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டான். பெரிஸ் அடிவயிற்றில் கருவியை வைத்து, திரையைப் பார்த்து, ஒன்று அல்லது இரண்டு என்று குட்டிக் கணக்கைக் கத்துவான். குட்டி இல்லையென்றால் காலி என்பான். வெளிவாசலில் நிற்பவர் காலி ஆட்டின் கழுத்தில் ஆரஞ்சு வண்ணக் கோடு போட வேண்டும். அந்த வேலையை எம்லின் கேட்டு வாங்கிக்கொண்டார். குனிய வேண்டாம், முதுகுக்கு நல்லது என்றார். உண்மையில் வண்ணத்தை அதிகம் எடுக்க வேண்டியிருக்காது என்று அவர் நம்பினார் என்றுதான் நெஸ்டாவுக்குத் தோன்றியது.

"முதல் பொண்ணு வர்றா. மூப்பரே, கண்ணை மூடிக்குங்க, உள்ளாடை விஷயம்" என்றான் பெரிஸ். கருவியை வைத்தான். "காலி."

எம்லின் கோடு போட்டார்.

"காலி."

"காலி."

நாலாவது ஆட்டுக்கு ஒரு குட்டி. பெரிஸ் உற்சாகமாகக் கத்தினான். எம்லின் அந்த ஆட்டின் தலையைத் தட்டிக் கொடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகு வெகுநேரம் காலி என்ற ஒரே சொல்தான் வந்தது. பெரிஸ் வேடிக்கையை நிறுத்திக்கொண்டான். பிறகு கத்துவதையும் நிறுத்தினான். தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டுவான், எம்லின் கோடு போடுவார். வண்ணக் குச்சி தேய்ந்து தீர்ந்தது. அவர் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து, உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தார். கடைசி ஆடு வெளியே வந்தபோது அவர் கையும் சட்டைக் கையும் ஆரஞ்சாக இருந்தன. கழுத்தில் கோடு இல்லாத ஆடுகளைத் தனியே ஒரு சிறு பட்டியில் விட்டிருந்தார்கள். அந்தப் பட்டியில் ஆடுகள் திரும்பிப் படுக்க நிறைய இடம் இருந்தது.

கெதின் பெரிஸுக்கு வண்டியை மூட உதவினான். நெஸ்டா உள்ளே போய்க் கிண்ணங்களை எடுத்து வைத்தாள். நாலு கிண்ணம். இதை அவள் டிசம்பரிலேயே அழுது முடித்திருந்தாள்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்ததும் வழக்கம்போல எம்லின் பக்கம் பார்த்தார்கள். அவர் தலை குனிந்தார். குரல் மட்டும் வழக்கமான குரலாக இல்லை. கர்த்தர் கொடுத்ததற்காகவும் கொடுக்காமல் வைத்ததற்காகவும் நன்றி சொன்னார். ஆமென் என்றார்கள். பெரிஸ் ரொட்டியைப் பிய்த்தான்.

கெதின் கரண்டியை எடுக்கவில்லை.

"கொடுக்காததுக்கு நம்ம ஏன் அவருக்கு நன்றி சொல்லணும், மூப்பரே? அவர் கொடுத்ததைத்தான் நீங்க வேக வெச்சுட்டீங்களே."

எம்லின் நிமிர்ந்தார். புரியவில்லை. சிரிக்க வேண்டிய பேச்சோ என்று முகத்தைச் சிரிப்புக்கு ஆயத்தமாக வைத்துக்கொண்டு, "என்னப்பா சொல்றே?" என்று கேட்டார்.

கெதின் சொன்னான். மந்தையில் தனக்கும் பங்கு உண்டே என்று லோவ்ரியைக் கூப்பிட்டு வற்புறுத்திக் கேட்டதாகச் சொன்னான். பாய்லர் சுவர், விளக்கு, கம்பளி, மூன்று வாரம், எல்லாவற்றையும் சொன்னான். அந்தச் சூட்டில் கிடாவின் விதைக்குள் என்ன நடந்தது என்பதையும், லோவ்ரி சொன்ன வார்த்தைகளாலேயே, ஆனால் அவளுடைய மெதுவான குரல் இல்லாமல், சொன்னான்.

எம்லின் முகத்தில் ஆயத்தமாக வைத்திருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கெதினைப் பார்க்கவில்லை. நெஸ்டாவைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா கண்ணு?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடிலேருந்து."

அவர் யோசித்தார். அந்த நாளிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு காலையையும் மாலையையும் அவர் எண்ணிப் பார்ப்பது நெஸ்டாவுக்குத் தெரிந்தது. வைக்கோல் போட்டுவிட்டுப் படலோரம் நின்ற ஒவ்வொரு தடவையும் ஜன்னலுக்குப் பின்னால் அவள் எல்லாம் தெரிந்தே நின்றிருக்கிறாள். அவரைக் காப்பதற்கென்று அவள் செய்தது இப்போது அவருக்கு இரண்டாவது அடியாக விழுந்தது. அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

எம்லின் எழுந்தார். சாப்பாட்டுக்கு நன்றி என்றார், இன்னும் தொடாத கிண்ணத்தைப் பார்த்தபடி. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவை மெதுவாகச் சாத்தினார். சத்தமே வரவில்லை.

பெரிஸ் ரொட்டியைக் கீழே வைத்தான். கெதின் மேசையின் மரத்தை நகத்தால் கீறிக்கொண்டிருந்தான். அவன் காது சிவந்திருந்தது. நெஸ்டா எம்லினின் கிண்ணத்தை எடுத்து, ஆறிய சூப்பைப் பானையில் கொட்டிவிட்டுச் சூடாக நிரப்பினாள்.

"அண்ணி" என்றான் கெதின். "அந்தச் சாயக்கட்டி. நான் மட்டும் நிறத்தை மாத்தியிருந்தா நவம்பர்லயே தெரிஞ்சிருக்கும். வேற கிடா விட்டிருக்கலாம்."

இதை அவள் அவனிடம் இரண்டு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தாள். கொஞ்சம் முன்பு, அவன் பேசிக்கொண்டிருந்தபோது, அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எடுத்து வீசியிருந்தால் சரியாகப் போய்த் தைத்திருக்கும். மெய்ரிக்கின் தம்பி அவன். மெய்ரிக்குக்கும் இப்படித்தான், அழ வேண்டிய நேரத்தில் யாரையாவது கடிக்க வரும்.

"தெரியும்" என்றாள். "சாப்பிடு. ஆறிடும்."

அவன் கரண்டியை எடுத்தான்.

வெளியே மழையோடு பனித்துகளும் விழுந்துகொண்டிருந்தது. எம்லின் வீட்டுக்குப் போகவில்லை. காலி ஆடுகள் நின்ற பெரிய பட்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆடுகள் கழுத்தில் ஆரஞ்சுக் கோட்டோடு அவரைச் சுற்றி முகத்தை நீட்டின, தீனி என்று நினைத்து. நெஸ்டா கிண்ணத்தைச் சால்வைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"நான் அவன் மேல கையை வெச்சு ஜெபம் பண்ணினேன்" என்றார் எம்லின், அவள் பக்கம் திரும்பாமல். "தினமும். விளக்கைக் கொஞ்சம் எறக்கிக் கட்டிட்டு, இன்னும் கொஞ்சம் எறக்கிட்டு, ஜெபம் பண்ணினேன். நல்லா கதகதன்னு இருந்தான். தொட்டுத் தொட்டுப் பாத்து சந்தோஷப்பட்டேன்."

தேற்ற வருகிறவர்கள் இப்படிப்பட்ட நேரத்தில் சொல்லும் வார்த்தைகள் எல்லாம் நெஸ்டாவுக்குத் தெரியும், மெய்ரிக்கின் அடக்கத்தன்று வரிசையாகக் கேட்டிருக்கிறாள். அதில் ஒன்றையும் அவள் எடுக்கவில்லை.

"நீ திட்டியிருக்கலாம்" என்றார்.

"திட்ட வரலை."

"எனக்கு அது பரவாயில்லையா இருந்திருக்கும்."

"இப்ப தெரியுது. அப்ப தெரியலை."

அவர் தலையசைத்தார். மூக்கைச் சட்டைக் கையால் துடைத்தார். கன்னத்தில் ஆரஞ்சு ஒட்டியது. நெஸ்டா அதைத் துடைக்கக் கை தூக்கினாள், பிறகு விட்டுவிட்டாள். கிண்ணத்தை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவள் நீட்டியபடியே நின்றாள். பழைய தையல் வடு இழுத்தது, கை வலித்தது, கிண்ணத்துக்குள் பனித்துகள் விழுந்து கரைந்தது. அவள் இன்னொரு கையாலும் கிண்ணத்தைத் தாங்கிப் பிடித்ததைக் கண்டபிறகுதான் அவர் வாங்கிக்கொண்டார்.

"சந்தைக்கு எப்ப கொண்டு போறாங்க?"

"வெள்ளிக்கிழமை. இதுக்கப்புறம் கெதின்கிட்ட இன்னொரு ஈத்து கேக்க முடியாது. எல்லாத்தையும். சினையா இருக்கிறதையும் சேத்து."

"மலையிலேருந்து எறக்கறப்ப திரும்பி ஓடுங்க. அதுங்களுக்கு வேற எடம் தெரியாது."

"ஆமா."

"நான் வரலாமா?"

"நீங்க வரலைன்னா யாரு ஓட்டறது, எம்லின்? என்னால மலை ஏற முடியாது. கெதினுக்கு அதுங்க பேரு தெரியாது."

அவர் மேலே பார்த்தார். மேகம் இறங்கி மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. அடுத்த வருடம் அங்கே வரிசை வரிசையாக மரக்கன்றுகள் நிற்கும், யாரும் எதையும் ஓட்டிக்கொண்டு ஏற மாட்டார்கள். எம்லின் கரண்டியை எடுத்து ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு இன்னொன்று. பசிக்காகச் சாப்பிடவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது. அவள் மழையில் நிற்கிறாள், முடித்தால்தான் உள்ளே போவாள் என்பதற்காகச் சாப்பிட்டார். அவள் அவருக்காக நின்றாள். ஆடுகள் கம்பிக்குள்ளிருந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தன.